தேமலா, தொழுநோயா? தோலுக்குள் நடக்கும் முதல் சண்டை

திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போனவர்கள் வல்லாள மகாராஜா கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். கிழக்கு ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் வருவது அது. அதன் அருகே ஒரு சிறிய முருகன் சந்நிதி உண்டு. "கோபுரத்து இளையனார்" என்று அதற்குப் பெயர்.

ஏன் அந்தப் பெயர்?

அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் அருணகிரி என்று ஒரு வாலிபர் இந்த ஊரில் இருந்தார். கூடாத வழியில் போனார். பணம் போயிற்று. பிறகு உடம்பில் பெருநோய் பற்றியது. ஊரார் ஒதுக்கினார்கள். இனி வாழ்ந்து என்ன பயன் என்று கோபுரத்தின் மேல் ஏறினார். குதித்தார். கீழே விழவில்லை! முருகன் கையில் தாங்கிக் கொண்டான். நோய் பறந்தது. பாட்டு பிறந்தது. அவர்தான் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர்.

1964-ம் ஆண்டில் இந்தக் கதை சினிமாவாகவும் வந்தது. பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் அருணகிரிநாதராக நடித்தார்.

பக்திக் கதையை ஆராய வேண்டியது இல்லை. ஆனால் அந்தக் கதைக்குள் இருக்கும் ஒரு எண்ணத்தை மட்டும் பார்க்க வேண்டும். "தப்பு வழியில் போனவனுக்குப் பெருநோய் வரும்" என்ற எண்ணம்!

இந்த எண்ணம் நம் நாட்டில் ஆழமாக வேர் விட்டது. 1954-ம் ஆண்டில் வந்த "ரத்தக் கண்ணீர்" படத்தை யாரும் மறக்க முடியாது. எம்.ஆர்.ராதா பணக்கார வாலிபராக வருவார். காந்தாவின் மோகத்தில் விழுவார். கடைசியில் தொழுநோய் பிடித்து, கோலை ஊன்றிக்கொண்டு பிச்சை எடுப்பார். அருமையான நடிப்பு. சந்தேகம் இல்லை. ஆனால் படம் பார்த்துவிட்டு வந்த ஜனங்கள், "கெட்டவனுக்கு வரும் நோய் இது" என்றே வீட்டுக்குப் போனார்கள்.

அது உண்மையா?

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் இந்த நோய் வருகிறது. அது என்ன பாவம் செய்தது?

அந்தக் காலத்தில் சட்டம்கூட இந்த நோய் கண்டவர்களை ஒதுக்கியது. 1898-ம் ஆண்டில் வெள்ளைக்காரர்கள் இவர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். போலீசார் பிடித்து, தனி விடுதியில் அடைக்கலாம். நாடு விடுதலை அடைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகு, 2016-ம் ஆண்டில்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அது 2019-ம் ஆண்டு வரை உயிரோடு இருந்தது!

சோம்பேறிக் கிருமி

1873-ம் ஆண்டில் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன், தொழுநோய் கண்டவர்களின் கட்டியில் இருந்து எடுத்ததை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தார். சிறு சிறு குச்சிகள் போல ஏதோ தெரிந்தன. அவைதான் தொழுநோய்க் கிருமிகள். பாவம் அல்ல, பரம்பரைச் சாபம் அல்ல, ஒரு கிருமி. அவ்வளவுதான்.

இது காசநோய்க் கிருமிக்கு உறவு. ஆனால் பெரிய சோம்பேறி. சாதாரணக் கிருமிகள் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகப் பெருகும். இந்தக் கிருமி ஒன்று இரண்டாக 12 முதல் 14 நாட்கள் ஆகும். அதனால்தான் கிருமி உடம்புக்குள் புகுந்தாலும் உடனே ஒன்றும் தெரிவதில்லை. ஐந்து ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட ஆகலாம்.

எப்படிப் பரவுகிறது? மருந்து சாப்பிடாத நோயாளி ஒருவர் இருமும் போதும், தும்மும் போதும் மூக்கில் இருந்து கிருமிகள் வெளியே வருகின்றன. அவரோடு நெடுநாள் நெருங்கிப் பழகுகிறவர்களுக்கு அவை போய்ச் சேரலாம். கையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது தவறு. பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. ஒரே பந்தியில் சாப்பிட்டால் வராது.

இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 100 பேர் உடம்பில் இந்தக் கிருமி புகுந்தால், சுமார் 95 பேருக்கு நோய் வருவதே இல்லை. உடம்பே கிருமியை அடித்து விரட்டிவிடுகிறது. அவர்களுக்கு அது தெரிவதும் இல்லை.

அப்படியானால் மீதி ஐந்து பேருக்கு மட்டும் ஏன் வருகிறது? இந்தக் கேள்வியோடு விஞ்ஞானிகள் நெடுநாள் மன்றாடினார்கள்.

தமிழ்நாட்டில் இருந்து போன கிருமி

ஆராய்ச்சி செய்வது லேசாக இல்லை. மற்றக் கிருமிகளைக் கண்ணாடிக் குப்பியில் வளர்க்கலாம். தொழுநோய்க் கிருமியை அப்படி வளர்க்க முடியவில்லை. ஹான்சன் காலத்தில் இருந்து இன்று வரை முடியவில்லை!

1960-ம் ஆண்டில் எலியின் பாதத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். கொஞ்சம் வளர்ந்தது. 1971-ம் ஆண்டில் அமெரிக்காவில் அர்மடில்லோ என்ற விலங்கின் உடம்பில் வளர்த்தார்கள். அது நம் ஊர் எறும்புத் தின்னி போல, உடம்பெல்லாம் ஓடு போர்த்திய விலங்கு. அதன் உடம்புச் சூடு நம்முடையதைவிடக் குறைவு. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். மனிதன் உடம்பிலும் காது மடல், மூக்கு, கை, கால் என்று குளிர்ந்த பக்கமாகத் தேடிப் போய்க் குடியேறும்.

இனி நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு உயிருக்கும் அதன் உடம்பை எப்படி நடத்த வேண்டும் என்ற குறிப்புகள் உள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்கு மரபணுக்கள் என்று பெயர். "ஜீன்" என்றும் சொல்வார்கள். தொழுநோய்க் கிருமியின் மரபணுக் குறிப்புகள் முழுவதையும் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சிக் கழகமும், இங்கிலாந்தின் சாங்கர் நிலையமும் சேர்ந்து படித்து முடித்தன. 2001-ம் ஆண்டில் அது வெளியானது.

அவர்கள் படித்த கிருமி எங்கே இருந்து வந்தது தெரியுமா? தமிழ்நாட்டில் ஒரு நோயாளியின் தோலில் இருந்து! அதற்கு "டி.என்." என்றே பெயர். அதை அர்மடில்லோ உடம்பில் பெருக்கி ஆராய்ந்தார்கள். அந்த நோயாளியின் பெயரை நாம் அறியோம். ஆனால் அவர் உடம்பில் இருந்து எடுத்ததைக் கொண்டுதான் உலகமே இந்தக் கிருமியைப் பற்றிப் பாடம் படித்தது.

பாடம் என்ன? இந்தக் கிருமி சொத்தைத் தொலைத்துவிட்ட மிராசுதார் போன்றது! அதன் உறவான காசநோய்க் கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள் உண்டு. தொழுநோய்க் கிருமியிடம் வேலை செய்பவை 1,604 மட்டுமே. 1,116 மரபணுக்கள் உடைந்து, பெயருக்குக் கிடக்கின்றன. தனியாகப் பிழைக்கும் சக்தி அதற்கு இல்லை. மனித அணுவுக்குள் ஒண்டிக் குடியிருந்தால்தான் பிழைக்கும். குப்பியில் ஏன் வளரவில்லை என்பதற்குப் பெரிய துப்பு கிடைத்தது.

மடைப்பள்ளியில் என்ன சமைக்கிறார்கள்?

கிருமி கதை இருக்கட்டும். நம் உடம்பு என்ன செய்கிறது?

நம் ரத்தத்திலும் தோலிலும் காவல் அணுக்கள் இருக்கின்றன. இவற்றில் இரண்டு வகைகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, விழுங்கும் அணு. கிருமியைக் கண்டால் வாயைத் திறந்து விழுங்கிவிடும். இன்னொன்று, "டி" அணு. அது கட்டளை இடும் அதிகாரி. "கொல்லு!" என்று டி அணு கட்டளை இட்டால்தான் விழுங்கும் அணு உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லும். கட்டளை வராவிட்டால்? விழுங்கிய கிருமி அதன் வயிற்றுக்குள்ளேயே சுகமாகக் குடித்தனம் நடத்தும்.

இந்தக் கட்டளைகள் எங்கே இருந்து பிறக்கின்றன? மரபணுக்களில் இருந்துதான்.

பெரிய கோயில் மடைப்பள்ளியை நினைத்துக் கொள்ளுங்கள். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர் சாதம், வடை, அதிரசம் என்று எல்லாவற்றுக்கும் பக்குவம் தெரிந்த சமையற்காரர்கள் அங்கே உண்டு. ஆனால் எல்லாவற்றையும் தினமும் சமைப்பதில்லை. இன்றைக்கு எந்த அடுப்பு எரிகிறது, எது வேகிறது என்பதுதான் முக்கியம். நம் அணுக்களும் அப்படித்தான். எல்லா அணுக்களிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. எந்த நேரத்தில் எந்த மரபணு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் மாட்லின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதைத்தான் பார்த்தார்கள். தொழுநோய்ப் படைகளில் இருந்து கடுகளவு தோலை எடுத்தார்கள். "இங்கே எந்த அடுப்பு எரிகிறது?" என்று ஆராய்ந்தார்கள்.

1991-ம் ஆண்டில் முதல் விடை கிடைத்தது.

சில நோயாளிகளுக்கு உடம்பில் ஒன்றிரண்டு படைகள் மட்டுமே இருக்கும். கிருமியும் மிகக் குறைவு. அவர்கள் தோலில் "இன்டர்பெரான் காமா" என்ற பொருளைச் செய்யும் மரபணு மும்முரமாக வேலை செய்தது. அதுதான் "கொல்லு!" என்ற கட்டளை. காவல் அணுக்கள் கிருமியைச் சுற்றி வளைத்துக் கோட்டை கட்டியிருந்தன.

வேறு சிலருக்கு உடம்பெல்லாம் படை, தடிப்பு. காது மடல் தடித்திருக்கும். கடுகளவு தோலில் லட்சக்கணக்கான கிருமிகள். அவர்கள் தோலில் வேறு அடுப்பு எரிந்தது. "இன்டர்லூகின் 10" போன்ற, காவலை அடக்கி உட்கார வைக்கும் பொருள்கள் அங்கே தயாராகிக் கொண்டிருந்தன. காவலர்கள் இருந்தார்கள். ஆனால் சும்மா இருந்தார்கள்!

கிருமி ஒன்றுதான். இரண்டு வீட்டிலும் அதே திருடன். ஒரு வீட்டில் நாய் குரைத்தது. இன்னொரு வீட்டில் நாய் தூங்கியது.

2003-ம் ஆண்டில் இதே கூட்டத்தார் இன்னொரு படி ஏறினார்கள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களைப் பார்த்தார்கள். எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்பதை மட்டும் பார்த்தே, இது எந்த வகைத் தொழுநோய் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. 2013-ம் ஆண்டில், கிருமியைக் கொல்லும் அந்த வேலைக்கு வைட்டமின் டி துணை செய்கிறது என்பதையும், "இன்டர்பெரான் பீட்டா" என்ற வேறொரு பொருள் குறுக்கே நின்று அதைக் கெடுக்கிறது என்பதையும் விளக்கினார்கள்.

வெயிலில் நின்றால் நம் தோல் வைட்டமின் டி செய்துகொள்ளும். அதற்காக, "வெயிலில் நின்றால் தொழுநோய் போய்விடும்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மருந்துதான் நோயைப் போக்கும்.

முடிவாகாத முதல் படை

நோயின் தொடக்கத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். தோலில் முதன் முதலாக ஒரு வெளிறிய படை தோன்றும். பெரும்பாலும் ஒன்றே ஒன்று. இதை டாக்டர்கள் "இன்னும் முடிவாகாத நிலை" என்கிறார்கள். எந்த அடுப்பு எரியப் போகிறது என்று அப்போது தெரியாது.

பலருக்கு, அதிலும் பிள்ளைகளுக்கு, இந்தப் படை தானாகவே மறைந்துவிடுவது உண்டு. காவல் அணுக்கள் வென்றுவிட்டன என்று பொருள். மற்றவர்களுக்கு நோய் முற்றும். யாருக்கு மறையும், யாருக்கு முற்றும் என்று படையைப் பார்த்து ஒருவராலும் ஜோசியம் சொல்ல முடியாது. ஆகவே, தானாகப் போகட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

காத்திருந்தால் என்ன கெட்டுவிடும்? நரம்பு கெடும்!

இந்த நோய்க்கு அதுதான் பெரிய குணம். கிருமி தோலோடு நிற்பதில்லை. தோலில் உள்ள நரம்புகளின் உறையில் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே நடக்கும் சண்டையில் நரம்பு பாழாகிறது. நரம்பைக் கெடுப்பது கிருமியா, காவல் அணுக்களா?

இதற்கு 2017-ம் ஆண்டில் ஒரு மீன் பதில் சொன்னது!

கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் லலிதா ராமகிருஷ்ணன் நம் நாட்டில் பிறந்தவர். 2009-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் தங்கை. லலிதாவின் கூட்டத்தாரும் லாஸ் ஏஞ்சல்ஸ் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். மீன் தொட்டிகளில் வளர்க்கும், நீல வரி போட்ட சிறிய மீன் ஒன்று உண்டு. நம் நாட்டு ஆறுகளிலும் இருக்கிறது. அதன் குஞ்சு கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அந்தக் குஞ்சின் நரம்புக்குப் பக்கத்தில் தொழுநோய்க் கிருமியை ஊசி மூலம் செலுத்திவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கொண்டே இருந்தார்கள்.

விழுங்கும் அணுக்கள் வந்தன. கிருமியை விழுங்கின. பிறகு நரம்பைச் சுற்றி ஊர்ந்தன. அவை கக்கிய நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருள் பக்கத்தில் இருந்த நரம்பைத் தாக்கியது. நரம்பின் உறை உப்பிப் பிரிந்தது!

திருடனைப் பிடிக்க வந்த காவலர் வீட்டையே இடித்த கதை இது. இன்னொரு விந்தை: கிருமியின் மேலே உள்ள ஒரு தனி வகைக் கொழுப்புதான் காவல் அணுவை இப்படி வெறி பிடிக்க வைக்கிறது. அந்தக் கொழுப்பு தொழுநோய்க் கிருமியிடம் மட்டுமே உண்டு.

விரல் அழுகுவதில்லை!

நரம்பு கெட்டால் உணர்ச்சி போகும். அடுப்பில் கொதிக்கும் இட்லிப் பானையைத் துணி இல்லாமல் தூக்கினாலும் சூடு தெரியாது. முள் தைத்தாலும் தெரியாது. செருப்புக்குள் ஒரு கல் கிடந்தால் நாள் முழுவதும் அதன் மேலேயே நடப்பார்கள். புண் வரும். புண் ஆறாது. எலும்பு வரை போகும். விரல் குறையும்.

தொழுநோய் விரலை அழுகச் செய்கிறது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. அதைப் பொய் என்று காட்டியவர் வேலூரில் இருந்தார். அவர் டாக்டர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான். ஆனால் 1914-ம் ஆண்டில் நம் கொல்லிமலையில் பிறந்தவர்! 1946-ம் ஆண்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் கண்டவர்களின் கைகளைக் கூர்ந்து கவனித்தார். விரலின் சதை நல்ல சதையாகவே இருந்தது. உணர்ச்சி இல்லாததால்தான் காயம் மேல் காயம் படுகிறது என்று கண்டார். சில நோயாளிகளுக்கு ராத்திரி படுக்கும் போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. எங்கே போயிற்று? எலி கடித்திருந்தது! உணர்ச்சி இல்லாததால் தூக்கம் கலையவில்லை. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

மடங்கிப் போன விரல்களை நீட்ட பிராண்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். நன்றாக வேலை செய்யும் தசையின் நாரை எடுத்து விரலோடு இணைத்தார். மூடிய கை திறந்தது. 1955-ம் ஆண்டில் காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. அப்போது திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். கோபுரத்தில் ஏறிய அருணகிரி கதை ஒரு கோடியில், கையைத் திறந்த கரிகிரி மறுகோடியில்!

குடும்பத்தில் ஓடுமா?

"அவர்கள் குடும்பத்தில் இந்த வியாதி உண்டு. பெண் கொடுக்காதே" என்று பேசுவார்கள். இதிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. தென்னிந்தியாவில் 224 குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்து, 2001-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். கிருமியின் குறிப்புகள் வெளியான அதே ஆண்டு! மனிதனின் பத்தாவது குரோமோசோமில் ஓர் இடம், சிலரைத் தொழுநோய்க்கு எளிதாக இடம் கொடுக்க வைக்கிறது என்று தெரிந்தது.

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நோய் தாய் தகப்பனிடம் இருந்து பிறப்பிலேயே வருவதில்லை. கிருமி புகுந்தால்தான் நோய். புகுந்த கிருமியை எதிர்க்கும் திறமையில்தான் சற்று ஏற்றத் தாழ்வு. கிருமியே இல்லாத வீட்டில் பத்தாவது குரோமோசோம் எப்படி இருந்தால் என்ன?

எந்தப் படையைக் காட்ட வேண்டும்?

பிள்ளையின் கன்னத்தில் வெளிறிய படை தெரிந்தால் பாட்டி, "தேமல்தான், தேங்காய் எண்ணெய் தடவு" என்பார். பெரும்பாலும் பாட்டி சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் கொஞ்சம் கவனியுங்கள்.

தேமலில் லேசாகச் செதில் உதிரும். படர்தாமரை அரிக்கும். வெண்குஷ்டம் என்று தவறாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த வெண்புள்ளி பால் போல வெளுத்திருக்கும். அதற்கும் தொழுநோய்க்கும் எந்த உறவும் இல்லை. அது யாருக்கும் ஒட்டாது.

தொழுநோய்ப் படை முழு வெள்ளையாக இராது. சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ, சற்றுச் சிவந்தோ இருக்கும். அரிக்காது. வலிக்காது. அதில் வியர்வை வராது. மயிர் உதிர்ந்திருக்கும். முக்கியமாக, உணர்ச்சி குறைந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை முறுக்கிப் படையின் மேலும், நல்ல தோலின் மேலும் மாறி மாறித் தொடுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். படையின் மேல் தொட்டது தெரியவில்லை என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முகத்தில் உள்ள படையில் உணர்ச்சி போகாமலும் இருக்கலாம். ஆகவே, நெடுநாள் மறையாத படையை எப்படியும் காட்டிவிடுவது நல்லது.

அரிப்பும் வலியும் இல்லாததுதான் இந்த நோயின் சூழ்ச்சி. வலித்தால் ஓடுவோம். வலிக்காததை யார் கவனிக்கிறார்கள்?

மாதம் ஓர் அட்டை

பழைய காலத்தில் நீரடிமுத்து எண்ணெய் ஒன்றுதான் மருந்து. உள்ளுக்கும் கொடுத்தார்கள், ஊசியாகவும் போட்டார்கள். குமட்டலும் வலியும்தான் மிச்சம். 1940-களில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் புதிய சல்போன் மருந்துகளைப் பயன்படுத்தினார். அவற்றில் டாப்சோன் என்ற மாத்திரை உலகம் எங்கும் பரவியது. சில காலம் நன்றாக வேலை செய்தது. பிறகு கிருமி அதற்குப் பழகிக் கொண்டது.

1981-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், "ஒரு மருந்து போதாது, கூட்டு மருந்து கொடுங்கள்" என்றது. ரிபாம்பிசின், குளோபசிமின், டாப்சோன். மும்முனைத் தாக்குதல்! ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி மற்றொன்றில் மாட்டிக்கொள்ளும். படை ஐந்துக்குள் இருந்து, கிருமியும் தென்படாவிட்டால் 6 மாதம். அதற்கு மேல் என்றால் 12 மாதம். அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த மருந்து இனாம்.

மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே, நோயாளியிடம் இருந்து கிருமி பரவுவது நின்றுவிடுகிறது. தனித் தட்டு, தனித் திண்ணை எதுவும் வேண்டாம்.

மருந்து சாப்பிடும்போது சிறுநீர் சிவந்து போகலாம். பயப்பட வேண்டாம், அது ரிபாம்பிசினின் நிறம். தோல் கொஞ்சம் கறுக்கும். அது குளோபசிமினால் வருவது. மருந்தை நிறுத்திய பின் மெள்ள மறையும். ஆனால் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்கு மருந்து சாப்பிட்டுக் கொண்டிருக்கும் போதே படை திடீரென்று சிவந்து வீங்கும். முழங்கை, முழங்கால் பக்கம் நரம்பு வலிக்கும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். பெரிய தவறு! தூங்கிக் கிடந்த காவல் அணுக்கள் விழித்துக்கொண்டு ஆவேசமாகச் சண்டை போடுகின்றன. அந்த வேகத்தை அடக்க வேறு மாத்திரை உண்டு. உடனே போனால் நரம்பைக் காப்பாற்றலாம். வாரக் கணக்கில் விட்டால் கை மடங்கிவிடும்.

2005-ம் ஆண்டு முடிவில் நம் நாட்டில் தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கியது. அரசாங்கம் மகிழ்ச்சியோடு அறிவித்தது. "ஒழிந்தே போயிற்று" என்று பலர் நினைத்துவிட்டார்கள். போகவில்லை. 2023-ம் ஆண்டில் இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டார்கள். உலகம் முழுவதும் கண்டுபிடித்ததில் இது பாதிக்கு மேல்!

வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால், கூட இருப்பவர்களும் தங்களைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் கொடுக்கலாம் என்று 2018-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பங்களாதேஷ் நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தபோது, முதல் இரண்டு ஆண்டுகளில் கூட இருந்தவர்களுக்கு நோய் வருவது பாதிக்கு மேல் குறைந்தது.

நோயாளிக்கு மருந்து அட்டை அட்டையாக வரும். ஓர் அட்டை 28 நாட்களுக்கு. மாதத்தின் முதல் நாள் மாத்திரைகளை நர்சு எதிரிலேயே விழுங்கிவிட்டு, மீதியை வீட்டுக்கு எடுத்து வரலாம். காலிச் சீட்டைக் கொண்டு போய்க் காட்டினால் அடுத்த அட்டை கொடுப்பார்கள்.